வீடும் ஒரு பள்ளியே: அன்னையர்க்குக் கல்வி தந்த இஸ்தான்புல் வரலாறு

விழா மலர் என்றால் அதில் வரலாறு இருக்கும். எந்த ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது, எந்தப் பங்குத்தந்தையின் காலத்தில் பள்ளிக்கு மேல்மாடி எழுந்தது, எந்தத் தலைமையாசிரியர் எத்தனை ஆண்டுகள் பணியாற்றினார் என்பவையெல்லாம் முறையாகப் பதியப்பட்டிருக்கும். பதிய வேண்டியவையே அவை. ஆனால் எந்த மலரிலும் இடம்பெறாத வரலாறு ஒன்றும் உண்டு. பள்ளிவிட்டு வந்த பிள்ளையை விளக்கருகே உட்காரவைத்து, தனக்கு எழுத்துத் தெரியாத நிலையிலும், "நீ படிப்பா, நான் கேட்கிறேன்" என்று அருகிலேயே அமர்ந்திருந்த தாயின் வரலாறு அது.

அந்தத் தாயைப் பள்ளிக்கூடம் எப்போது நினைக்கிறது? பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான். கட்டணம் பாக்கி நின்றால் ஆள் அனுப்புவார்கள். பையன் வம்பு செய்தால் அழைத்து வரச் சொல்வார்கள். அவளும் வந்து தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஒதுங்கி நிற்பாள். "எனக்கு என்ன சார் தெரியும்? நீங்கதான் பார்த்துச் செய்யணும்" என்பாள். இந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை தலைமுறைகளின் தாழ்வுணர்வு அடங்கிக் கிடக்கிறது! "எனக்கு என்ன தெரியும்" என்று தாய் எண்ணும்வரை, எவ்வளவு நல்ல பள்ளியும் பிள்ளைக்குப் பாதிப் பள்ளியே.

அந்த எண்ணத்தை மாற்ற முடியுமா? மாற்றினால் பிள்ளையின் படிப்பில் வேறுபாடு தெரியுமா? இக்கேள்விகளுக்குத் துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரில், கூலித் தொழிலாளர் வாழும் பகுதிகளில், சில அன்னையர் விடை கண்டார்கள். அந்த வரலாற்றை நம் பங்கு மக்களின் சிந்தனைக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வந்த ஏமாற்றம்

கதை துருக்கிக்கு முன்பே, அமெரிக்காவில் தொடங்குகிறது. ஏழைக் குழந்தைகள் முதல் வகுப்பில் அடியெடுத்து வைக்கும்போதே பின்தங்கி நிற்பதைக் கண்ட அந்நாட்டு அரசு, 1965-இல் 'ஹெட் ஸ்டார்ட்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அவ்வாண்டுக் கோடையிலேயே ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் சேர்ந்தனர். பள்ளி செல்லும் முன்பே அவர்களுக்கு விளையாட்டு, பாடம், உணவு, மருத்துவம் ஆகிய அனைத்தும் அளிக்கப்பட்டன.

ஆனால் 1969-இல் வெளிவந்த ஓர் ஆய்வறிக்கை பலரையும் சோர்வடையச் செய்தது. குழந்தைகள் முதலில் முன்னேறுகிறார்கள். ஆயின் தொடக்க வகுப்புகளைத் தாண்டுவதற்குள்ளாகவே அந்த முன்னேற்றம் மங்கிவிடுகிறது என்று அது கூறியது. அத்திட்டத்தின் நீண்டகால நன்மைகளைப் பிற்கால ஆய்வுகள் சில எடுத்துக்காட்டின என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எனினும் அன்று எழுந்த கேள்வி பெரிது: ஏன் மங்குகிறது?

கார்னெல் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1974-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். குழந்தையை மட்டும் அழைத்துச் சென்று சில மணி நேரம் பயிற்றி, மீண்டும் பழைய சூழலுக்கே அனுப்பிவிட்டால் பயன் நிலைக்காது. குடும்பத்தையே கல்விப் பணியில் பங்காளியாக்கினால், பயிற்சி நின்ற பிறகும் அதன் பயன் தொடரும் என்பது அவர் கண்ட முடிவு. ஆசிரியர் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார். தாயும் தந்தையும் மாறுவதில்லை அல்லவா?

எருசலேமில் ஒரு முயற்சி

ஏறத்தாழ அதே காலத்தில், 1969-இல், எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் அவிமா லொம்பார்ட் என்னும் அம்மையார் வேறொரு வழியைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆசியாவிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் குடியேறிய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் பின்தங்கியிருந்தனர். அவர்களுக்காக அவர் வகுத்த திட்டத்தின் புதுமை யாதெனில், அதில் குழந்தைக்கு ஆசிரியர் கிடையாது. தாயே ஆசிரியர்.

அதே தெருவில், அதே நிலையில் வாழும் ஒரு பெண்மணியைத் தேர்ந்து பயிற்சி தருவார்கள். அவர் வீடு வீடாகச் சென்று தாய்க்குக் கற்றுக்கொடுப்பார். ஒருவர் தாயாகவும் மற்றவர் பிள்ளையாகவும் நடித்து அன்றைய பாடத்தைப் பழகுவார்கள். பிறகு தாய் நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்கித் தன் குழந்தையுடன் அமர்ந்து அதனைச் செய்வாள். வந்து கற்பிக்கும் பெண்மணி குழந்தைக்கு நேராகப் பாடம் சொல்லமாட்டார். குழந்தையின் கண்ணில் ஆசிரியராக விளங்க வேண்டியவள் அதன் தாய் என்பதில் லொம்பார்ட் அம்மையார் உறுதியாக இருந்தார். இத்திட்டம் பின்னர் அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகளுக்கும் பரவியது.

அனதோலியாவிலிருந்து வந்தவர்கள்

இனி இஸ்தான்புல்லுக்கு வருவோம். 1950-களிலிருந்து அனதோலியாவின் சிற்றூர்களை விட்டுப் பல்லாயிரம் குடும்பங்கள் பிழைப்புத் தேடி அந்நகருக்கு வந்தன. நகர ஓரத்து வெற்று நிலங்களில் இரவோடு இரவாக வீடெழுப்பிக் குடியேறினார்கள். 'கெஜெகொண்டு' என்று துருக்கியர் அக்குடியிருப்புகளை அழைப்பர். இரவில் நிறுத்தப்பட்டது என்று பொருள். நம் சென்னையின் கால்வாய் ஓரங்களை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அங்கே ஆண்கள் ஆலைகளிலும் கட்டிட வேலைகளிலும் உழைத்தனர். பெண்களில் சிலர் ஆலைக்குச் சென்றனர், மற்றவர் வீட்டோடு இருந்தனர். பெரும்பாலோர் தொடக்கப் பள்ளிக்கு மேல் படித்தவரல்லர். அக்காலத் துருக்கியில் கட்டாயக் கல்வி ஐந்து ஆண்டுகள் மட்டுமே. 1997-இல்தான் அது எட்டு ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. ஆதலால் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு ஏழை வீட்டிலும் ஒரு கேள்வி எழும்: பிள்ளையை மேலே படிக்க வைப்பதா, வேலைக்கு அனுப்புவதா? சட்டம் அங்கே நின்றுவிடும். வீடுதான் முடிவு செய்ய வேண்டும். இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அந்நகரின் போவாசிச்சிப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர் சிதெம் காயித்சிபாஷி அம்மையார் (1940–2017). பெற்றோர் ஏன் பிள்ளைகளை விரும்புகின்றனர், பிள்ளைகளிடம் என்ன எதிர்பார்க்கின்றனர் என்பது குறித்து 1970-களிலேயே பெரிய ஆய்வு நடத்தியவர். ஏழைப் பெற்றோர் பொறுப்பற்றவர்கள் என்ற படித்தவர்களின் எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. பிள்ளைமீது அவர்களுக்கு ஆசை குறைவில்லை. அந்த ஆசையைப் படிப்பாக மாற்றும் வழிதான் தெரியவில்லை என்பது அவர் கருத்து. 1982-இல் டயான் சூனர், செவ்தா பெக்மன் ஆகிய இருவருடன் சேர்ந்து அவர் நான்காண்டு ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்.

என்ன கற்பித்தார்கள்?

மூன்று வயதும் ஐந்து வயதுமான குழந்தைகளைக் கொண்ட குடும்பங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. சில குழந்தைகள் பாடம் சொல்லித்தரும் பாலர் பள்ளிக்குச் சென்றன. சில குழந்தைகள் வெறுமனே பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் இருந்தன. மற்றவை வீட்டிலேயே வளர்ந்தன. இம்மூன்று பிரிவிலும் அன்னையரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் இரண்டாண்டுகள் பயிற்சி அளிக்கப்பட்டது, மற்றவர்க்கு அளிக்கப்படவில்லை. பயிற்சியால் நேர்ந்த மாற்றம் எது என்று பிரித்தறியவே இந்த ஏற்பாடு.

பயிற்சி இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி எருசலேம் திட்டத்தின் துருக்கிய வடிவம். நிறம், வடிவம், பெரிது சிறிது, மேலே கீழே, கதை கேட்டு விடை சொல்லுதல் என்று வாரந்தோறும் தாளும் கதைப்புத்தகமும் தாயின் கைக்கு வரும். ஆண்டுக்கு முப்பது வாரங்கள் வீதம் இரண்டாண்டுகளில் அறுபது வாரங்கள்.

இரண்டாம் பகுதி, அன்னையர் கூடிப் பேசும் கூட்டம். இதுதான் இஸ்தான்புல்லின் சொந்தக் கொடை. குழந்தையின் உடல்நலம், உணவு, விளையாட்டு ஆகியவற்றில் பேச்சுத் தொடங்கும். அடிக்காமல் எப்படித் திருத்துவது, குழந்தை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி, தன் மனத்தில் உள்ளதைக் கோபமின்றிச் சொல்வது எப்படி என்று விரிந்து செல்லும். கடைசியில் தாயைப் பற்றியே பேச்சு வரும்: அவளுடைய உடல்நலம், அவளுடைய தேவைகள், குடும்பத்தில் அவளுக்குள்ள இடம். அங்கே மேடை இல்லை, சொற்பொழிவு இல்லை. ஒருத்தி தன் வீட்டில் நடந்ததைச் சொல்ல, மற்றொருத்தி தான் செய்துபார்த்ததைச் சொல்வாள். அடுத்த கூட்டத்தில் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள்.

மாற்றம் எங்கே தெரிந்தது?

நான்காம் ஆண்டில் குழந்தைகளைச் சோதித்தபோது, பயிற்சி பெற்ற அன்னையரின் குழந்தைகள் அறிவுத்திறனிலும் பள்ளிப் பாடத்திலும் முன்னே நின்றனர். பாடம் சொல்லித்தந்த பாலர் பள்ளியும் நல்ல பயன் தந்தது. வெறும் காப்பகம் அத்தகைய பயனைத் தரவில்லை. குழந்தையை ஓரிடத்தில் பத்திரமாக வைத்திருப்பது வேறு, வளர்ப்பது வேறு என்பது தெளிவாயிற்று.

அன்னையரிடம் கண்ட மாற்றம் இதனினும் வியப்புக்குரியது. அவர்கள் பிள்ளைகளோடு அதிகம் பேசினர்; கதை படித்துக் காட்டினர்; பிள்ளை மேலே படிக்கும் என்று எதிர்பார்த்தனர். கணவரோடு கலந்து முடிவெடுப்பதும் கூடியது. பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருபவள் என்னும் மதிப்பு, வீட்டில் அவளுடைய குரலுக்கும் ஒரு மதிப்பைத் தேடித் தந்தது. பிள்ளைக்காகத் தொடங்கிய கல்வி தாயையும் உயர்த்தியது எனின் அது மிகையன்று.

ஆயினும் அமெரிக்காவில் நேர்ந்தது போல் இதுவும் சில ஆண்டுகளில் மங்கிவிடுமோ என்ற ஐயம் இருந்தது. பயிற்சி முடிந்து சில ஆண்டுகள் கழிந்தபின், 1990-களின் தொடக்கத்தில், ஆய்வாளர்கள் மீண்டும் அதே வீடுகளைத் தேடிப் போனார்கள். 255 குடும்பங்களில் 225 குடும்பங்களைக் கண்டுபிடித்தார்கள். குழந்தைகள் இப்போது பதின்மூன்று முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகள். கட்டாயக் கல்வியின் எல்லையைத் தாண்டியவர்கள். அவர்களைப் பள்ளியில் வைத்திருந்தது சட்டம் அல்ல, வீடு.

பயிற்சி பெற்ற அன்னையரின் பிள்ளைகளில் நூற்றுக்கு 86 பேர் பள்ளியில் இருந்தனர். பயிற்சி பெறாதவரின் பிள்ளைகளில் நூற்றுக்கு 67 பேர் மட்டுமே இருந்தனர். ஒரே தெரு, ஒரே வறுமை, ஒரே பள்ளி. ஆயினும் நூற்றுக்குப் பத்தொன்பது பிள்ளைகளின் வாழ்வு வேறு பாதையில் சென்றிருக்கிறது. இந்த எண்ணைப் படித்துவிட்டு விரைந்து கடந்துவிடாதீர்கள். நம் தெருவில் ஐந்தாம் வகுப்போடு நின்று பட்டறைக்கும் கடைக்கும் போன பிள்ளைகளின் முகங்களை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

முதல் ஆய்வு தொடங்கி இருபதாண்டுகளுக்கும் மேலாகியபின் மூன்றாம் முறையாகத் தேடியபோது, வளர்ந்து ஆளாகிவிட்ட 133 பேரைக் காண முடிந்தது. தாய் பெற்ற பயிற்சியாலோ நல்ல பாலர் பள்ளியாலோ சிறுவயதில் பயனடைந்தவர்கள், அவ்விரண்டும் இல்லாதவரைவிடக் கூடுதலாகப் படித்திருந்தனர். பிந்தியே வேலைக்குச் சென்றிருந்தனர். மேலான தொழில்களில் அமர்ந்திருந்தனர். இம்முடிவுகள் 2009-இல் வெளியிடப்பட்டன.

தந்தையரும் வந்தனர்

இந்த அனுபவத்தை அடித்தளமாகக் கொண்டு 1993-இல் இஸ்தான்புல்லில் 'அன்னை–குழந்தைக் கல்வி அறக்கட்டளை' நிறுவப்பட்டது. அறுபது வாரப் பயிற்சி இருபத்தைந்து வாரங்களாகச் சுருக்கப்பட்டு, அரசின் கல்வி அமைச்சகத்தின் துணையோடு துருக்கியின் பல பகுதிகளுக்கும் சென்றது.

அன்னையர் பயின்றால் தந்தையர் சும்மா இருப்பதா? தாய் பேசித் திருத்தும் பிள்ளையைத் தந்தை அடித்துத் திருத்தினால் பயிற்சி வீணாகும் அன்றோ? எனவே 1996-இல் தந்தையர்க்கென்று தனிப் பயிற்சியும் தொடங்கப்பட்டது. வேலை முடிந்து மாலையில் கூடிய ஆண்கள், தங்களைத் தங்கள் தந்தையர் வளர்த்த விதத்தையும், தாங்கள் தங்கள் பிள்ளைகளை வளர்க்கும் விதத்தையும் பேசத் தொடங்கினர்.

மற்றொரு தீவின் சான்று

இது துருக்கிக்கு மட்டும் பொருந்தும் என்று யாரேனும் கருதலாம். கரீபியக் கடலிலுள்ள ஜமைக்காத் தீவின் தலைநகரான கிங்ஸ்டனில் 1986-இல் சாலி கிரான்தம்-மக்கிரிகர் என்னும் மருத்துவ ஆய்வாளர், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளின் வீடுகளில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். சமூக நலப் பணிப்பெண்கள் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் வந்து, வீட்டுப் பொருள்களைக் கொண்டு செய்த பொம்மைகளால் குழந்தையோடு விளையாடவும் பேசவும் தாய்க்குப் பழக்கினார்கள். இரண்டே ஆண்டுகள். இருபது ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, அக்குழந்தைகளின் வருமானம் அப்பயிற்சி கிட்டாதவரைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இம்முடிவு 2014-இல் வெளிவந்தது. காலிப் புட்டியும் அட்டைப்பெட்டியும் தாயின் பேச்சும்தான் அங்கே மூலதனம்.

நம் நாட்டில்

நாமும் வெறுங்கையோடு நிற்கவில்லை. பசித்த பிள்ளை படிக்காது என்பதைத் தமிழகம் நெடுநாளைக்கு முன்பே உணர்ந்தது. 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கப்பட்டது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடிகளைக் கொணர்ந்தது. அன்னையர்க்கு உணவு, உடல்நலக் கல்வி அளிப்பதும் அதன் கடமைகளில் ஒன்று. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுந்தது. கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் எழுத்தையும் கற்றார்கள், சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். தாழ்வுணர்வு அகன்ற பெண்கள் தலைநிமிர்ந்து நடந்ததை அம்மாவட்டம் கண்டது.

சட்டமும் இன்று பெற்றோர் பக்கம் நிற்கிறது. 2009-இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக அல்லது காப்பாளராக இருத்தல் வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். நமது திருச்சபையும் 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கல்வி பற்றிய அறிக்கையில், பிள்ளைகளின் முதன்மை ஆசிரியர் பெற்றோரே என்று அறிவித்துள்ளது. ஆக, நாற்காலி போடப்பட்டுவிட்டது. அதில் அமர்ந்து பேசும் துணிவைத் தருவதுதான் மீதியுள்ள வேலை.

ஓர் எச்சரிக்கை

இவ்வரலாற்றைப் படித்துவிட்டு, "பிள்ளை படிக்காததற்குப் பெற்றோரே காரணம்" என்று யாரும் முடிவு கட்டிவிடலாகாது. அது பெரும் அநீதி. பள்ளியில் ஆசிரியர் இல்லையென்றால் தாய் என்ன செய்வாள்? கூலி கிடைக்காத நாளில் தந்தை எந்த மனத்தோடு பாடம் கேட்பான்? இஸ்தான்புல் அன்னையர் பயிற்சிக்குப் பிறகும் ஏழைகளாகவே இருந்தனர். வறுமையைத் தீர்க்கும் பொறுப்பு அரசுக்கும் சமுதாயத்துக்கும் உரியது. பெற்றோர் கல்வி அந்தப் பொறுப்புக்கு மாற்று ஆகாது. ஏழைப் பெற்றோரிடம் ஏற்கெனவே உள்ள அன்புக்கு அது ஒரு கைத்தடி, அவ்வளவே.

நாம் செய்யத் தக்கது

இஸ்தான்புல்லில் நடந்தவற்றுள் நம்மால் இயலாதது எது? படித்த பெண்கள் நம் தெருக்களில் இல்லையா? பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வீட்டிலிருக்கும் மருமகள்கள் எத்தனை பேர்! அவர்களில் ஐந்தாறு பேர் முன்வந்தால் போதும். ஞாயிறு பூசை முடிந்து பங்கு மண்டபம் சும்மாதான் கிடக்கிறது. வாரம் ஒருமுறை பத்து அன்னையர் கூடிப் பேச ஒரு பாய் போதும். மாதம் ஒருமுறை தந்தையரும் கூடட்டும். கூட்டத்தில் பிள்ளைகளின் குறையைப் படித்துக் காட்டாமல், அவர்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று பெற்றோரிடம் கேட்போம். எழுத்தறியாத தாய்க்கும் சொல்வதற்குக் கதை உண்டு. கேட்பதற்குக் காது உண்டு.

நமது பள்ளியின் அடுத்த விழா மலர் வெளிவரும் நாளில், கட்டிடங்களின் பட்டியலுக்கு அருகே அந்தப் பத்து அன்னையரின் பெயர்களும் அச்சிடப்பட வேண்டும் என்பது என் ஆசை. அன்று தலைமையாசிரியர் அறைக்கு வெளியே எந்தத் தாயும் ஒதுங்கி நில்லாமல், உள்ளே வந்து அமர்ந்து, "என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள் ஐயா" என்று பேசுவாளாக.

வாழ்க நம் பெற்றோர்! வளர்க நம் பிள்ளைகள்!